எரிமலை அடங்கிய பிறகு ஆறு ஏன் பொங்குகிறது?

கன்னங்குறிச்சியில் என் வீட்டு மாடியில் மாலை வேளைகளில் டியூஷன் எடுக்கிறேன். எரிமலைப் பாடம் நடந்த அன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அமெரிக்காவில் ஓர் எரிமலைக்குக் கீழே, ஆற்றின் குறுக்கே மண்ணும் பாறையும் கொட்டிக் கட்டிய பெரிய தடுப்பு. “வெடிச்சு முடிஞ்சு ஒன்பது வருசம் கழிச்சுக் கட்டி முடிச்சிருக்காங்க சார். அடுத்த தடவ லாவா வந்தா தடுக்கவா?” என்றாள். பக்கத்தில் இருந்தவன் முந்திக்கொண்டான்: “நம்ம ஏற்காடுகூட பழைய எரிமலதான் சார். எங்க தாத்தா சொன்னாரு.”

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். சேர்வராயன் மலை எரிமலை இல்லை. அதன் பாறை சார்னோகைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. மேலே இருந்த மண்ணும் பாறையும் காலப்போக்கில் கரைந்துபோனதால் இன்று வெளியே தெரிகிறது. இந்தியாவில் இன்றும் புகையும் எரிமலை அந்தமானில் இருக்கும் பாரன் தீவு ஒன்றுதான்.

முதல் கேள்விதான் பெரியது. எரிமலை என்றால் சிவப்பாக வழியும் குழம்பு என்றே நம் மனதில் பதிந்திருக்கிறது. குழம்பு ஆறிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பெரியவர்களும் நினைக்கிறார்கள். உண்மையில் மலைக்குக் கீழே ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு அதற்குப் பிறகுதான் நெடுநாள் தொல்லை ஆரம்பிக்கிறது. அந்தத் தொல்லை நெருப்பால் வருவதில்லை, மணலால் வருகிறது.

ஒரு டம்ளர் செந்தண்ணீர்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அந்த வாரம் அடிவாரத்து ஓடையில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு ஜன்னல் ஓரம் வைத்தேன். டம்ளரைக் கீழே வைத்துக் கை எடுப்பதற்குள் அடியில் மணல் ஒரு விரற்கடை படிந்துவிட்டது. அரை மணி கழித்து மணலுக்கு மேல் பழுப்பாக, மாவு போல இன்னோர் அடுக்கு. மறுநாள் காலையிலும் மேல் தண்ணீர் தேநீர் நிறத்தில்தான் நின்றது.

இந்த மூன்றுக்கும் சேர்த்து வண்டல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆறு தூக்கி வந்து எங்கோ இறக்கி வைக்கும் மண், மணல், கல் எல்லாமே இந்தக் கட்டுரையில் வண்டல்தான். டம்ளர் காட்டும் பாடம் எளியது. பருமனானது சட்டென்று இறங்கும், நைஸானது மிதந்துகொண்டே போகும். பிறகு தடுப்புச்சுவரைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

ஆறு ஒரு சுமைக்காரர்

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். யாருக்கும் ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் ஏற்றினால் நடை தளரும், வழியிலேயே இறக்கி வைத்துவிடுவார்கள். ஆறும் அப்படித்தான். மலைச்சரிவில் தண்ணீர் வேகமாகப் பாயும்போது கல்லையும் உருட்டிவரும். சமவெளிக்கு வந்ததும் வேகம் குறையும், தூக்க முடியாததை அங்கேயே போட்டுவிடும். சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறும் இதைத்தான் செய்கிறது. மேலே பாறாங்கல், அடிவாரத்தில் கூழாங்கல், ஊருக்குள் மணலும் சேறும்.

வழக்கமான ஓர் ஆற்றில் மலை கொடுக்கும் சுமையும் ஆறு தூக்கும் சுமையும் காலப்போக்கில் ஒன்றுக்கொன்று பழகிவிடும். எரிமலை அந்தப் பழக்கத்தை ஒரே நாளில் கெடுத்துவிடுகிறது.

சாம்பல் மூடிய மலை

இங்கே சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் இல்லை. வெடிப்பில் நொறுங்கித் தூளான பாறையும் கண்ணாடி போன்ற துகளும்தான் எரிமலைச் சாம்பல். நனைந்தால் மிகக் கனமாகிவிடும்.

அது மலைமேல் படியும்போது இரண்டு காரியம் நடக்கிறது. காடு அழிந்துவிடுகிறது. மழைத்துளியைத் தாங்க இலை இல்லை, மண்ணைப் பிடிக்க உயிருள்ள வேர் இல்லை. அடுத்தது, நைஸான சாம்பல் மழையில் நனைந்து காய்ந்து மேலே ஓடு போல இறுகிவிடுகிறது. சாணி மெழுகிய களத்தில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், உள்ளே இறங்காமல் அப்படியே ஓடும். ஒரு மலை முழுக்க அப்படி மெழுகிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஊறி, சுனையாகி, மெதுவாக ஆற்றுக்கு வந்த மழை இப்போது சில மணி நேரத்தில் மொத்தமாக வந்து விழும்.

தண்ணீரும் அதிகம், அது அள்ளிவரத் தளர்வான மண்ணும் அளவில்லாமல் கிடக்கிறது. அந்தத் தண்ணீரையும் மண்ணையும் கீழே இருக்கும் ஆறு ஒருசேர வாங்கிக்கொள்ள வேண்டும்.

லஹார்

சாம்பலும் கல்லும் தண்ணீரும் போதுமான அளவில் கலந்துவிட்டால் அதை வெள்ளம் என்றே சொல்ல முடியாது. அதற்கு லஹார் என்று பெயர். எரிமலைகள் நிறைந்த ஜாவா தீவு மக்களின் சொல். தளம் போடும்போது ரெடிமிக்ஸ் லாரியில் இருந்து இறங்கும் கான்கிரீட்டைப் பாருங்கள். ஜல்லி அடியில் தங்காமல் குழம்போடு சேர்ந்தே நகரும். லஹாரில் வீட்டளவு பாறையும் அப்படி நகர்ந்து வரும். பாலத்தின் தூண்களுக்கு அது தண்ணீர் மோதுவதைப் போல இருக்காது, கல் கொண்டு இடிப்பதைப் போல இருக்கும்.

இதற்குப் பெரிய வெடிப்பு தேவையில்லை. 1985 நவம்பர் 13 அன்று கொலம்பியா நாட்டில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. அளவில் சிறிய வெடிப்புதான், ஆனால் உச்சியில் இருந்த பனி உருகிச் சேறாக இறங்கியது. அர்மேரோ என்ற ஊரில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சேறு மலையில் இருந்து ஊருக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேட்டில் ஏறி நிற்க அந்த நேரம் தாராளமாகப் போதும். அவர்களை ஏறச் சொல்லி உரிய நேரத்தில் யாரும் வெளியேற்றவில்லை. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

லஹார் உயிரை வாங்கும், ஆனால் வந்த வேகத்தில் போய்விடும். அது விட்டுச்செல்லும் வண்டல் போகாது.

படுகை உயர்ந்தால் என்ன ஆகும்?

மேட்டூர் நீர்வரத்துச் செய்தி கேட்டே வளர்ந்த நமக்குக் கன அடி புதிதல்ல. ஓர் ஆறு கரை மீறாமல் வினாடிக்கு எத்தனை கன அடி கொண்டுபோக முடியுமோ, அதை அந்த இடத்தில் ஆற்றின் தாங்குதிறன் என்று சொல்வோம்.

பத்து அடி ஆழமுள்ள அகலமான வாய்க்காலில் நாலடிக்கு மணல் படிந்துவிட்டது. மிச்சம் ஆறு அடி. அப்படியானால் பழைய தண்ணீரில் நூற்றுக்கு அறுபது பங்கு போகும் என்றுதான் யாரும் கணக்குப் போடுவோம். நானும் முதலில் அப்படித்தான் போட்டேன். ஆனால் ஆழம் குறைந்தால் தண்ணீரின் வேகமும் குறையும். அடியில் உராய்ந்து போகும் பங்கு அதிகமாகிவிடுவதுதான் காரணம். இடமும் குறைந்து வேகமும் குறைவதால் உண்மையில் போவது நூற்றுக்கு ஏறத்தாழ 43 பங்குதான். பாதிகூட இல்லை.

எனவே எரிமலைக்குப் பிந்தைய வெள்ளத்துக்குப் பெருமழை வேண்டியதில்லை. வழக்கமாக ஆண்டுதோறும் வந்து போகும் மழையே கரையைத் தாண்டிவிடும். ஆற்றின் தரை உயர்ந்துவிட்டது, கரை மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மலை தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிடுகிறது, தளர்ந்த மண் அந்தத் தண்ணீரோடு இறங்குகிறது, சமவெளியில் ஆறு அதைப் போட்டுவிடுகிறது, படுகை உயர்கிறது, சாதாரண மழைக்கே ஊருக்குள் தண்ணீர் வருகிறது.

செயின்ட் ஹெலன்ஸ்: அந்தப் படத்தில் இருந்த அணை

இனி அந்தப் பிள்ளை காட்டிய படத்துக்கு வருவோம். 1980 மே 18, காலை 8.32 மணி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் மலையின் வடபக்கம் ஒரு நிலநடுக்கத்தில் அப்படியே சரிந்தது. மலையின் உயரத்தில் 400 மீட்டர் காணாமல் போனது. 57 பேர் இறந்தார்கள். சரிந்த மண்ணும் பாறையும் சுமார் 2.5 கன கிலோமீட்டர்.

இந்த எண் மனதில் நிற்க ஒரு வழி சொல்கிறேன். மேட்டூர் அணை 120 அடிக்கு நிரம்பி நிற்கும்போது அதில் இருப்பது 93.47 டிஎம்சி. அதைக் கன கிலோமீட்டராக மாற்றினால் 2.65 வரும். மேட்டூர் நீர்த்தேக்கம் முழுக்கத் தண்ணீருக்குப் பதிலாக மண்ணும் கல்லும் இருப்பதாக நினைத்து, அதைத் தூக்கி ஒரு மலைப் பள்ளத்தாக்கில் கொட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய அதுதான் நடந்தது. வடக்கு டூட்டில் ஆற்றின் பள்ளத்தாக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல், சராசரி 45 மீட்டர் ஆழத்துக்கு மூடிப்போனது.

அன்றே லஹார்கள் இறங்கின. டூட்டில் ஆறு கவ்லிட்ஸ் ஆற்றில் சேரும், கவ்லிட்ஸ் கொலம்பியா ஆற்றில் சேரும். கவ்லிட்ஸ் கரையில் காசில் ராக் என்ற ஊரில் வினாடிக்கு 76,000 கன அடியாக இருந்த ஆற்றின் தாங்குதிறன், 15,000 கன அடிக்கும் கீழே இறங்கிவிட்டது. கப்பல் போகும் கொலம்பியா ஆற்றிலேயே 40 அடி ஆழம் 14 அடியானது, துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் வெளியே போக முடியாமல் நின்றன.

இராணுவத்தின் பொறியாளர் படைக்குத்தான் பொறுப்பு வந்தது. உடனே தூர் வாரினார்கள், கெல்சோ, லாங்வியூ போன்ற ஊர்களின் கரைகளை உயர்த்தினார்கள். மேலே அவசரமாக ஒரு தடுப்பும் கட்டினார்கள். அது சில மழைக்காலத்துக்குள் நிரம்பி உடைந்து பயனில்லாமல் போனது.

இதற்கிடையே இன்னொரு பயம். மலையடியில் ஸ்பிரிட் ஏரி. சரிந்த மண் அதன் வாய்க்காலை அடைத்துவிட்டது. ஏரி மட்டம் ஏற்கெனவே 60 மீட்டர் உயர்ந்திருந்தது, ஒவ்வொரு மழைக்கும் இன்னும் ஏறிக்கொண்டே போனது. மண் குவியல்தான் அணை. அணைத்துக் கட்டாத மண்மேல் தண்ணீர் வழிந்தால் அறுத்துக்கொண்டு போய்விடும் என்பது வயலில் வரப்பு உடைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 1982 இறுதியில் மிதவைமேல் பம்புகளை வைத்து இறைத்தார்கள். பிறகு பாறைக்குள்ளே இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் குடைந்து 1985இல் ஏரிக்கு ஒரு புது வடிகால் கொடுத்தார்கள். ஏரி இன்றும் அந்தச் சுரங்கத்தின் வழியாகத்தான் வடிகிறது.

1989இல் அந்தப் படத்தில் இருந்த வண்டல் தடுப்பு அணை வடக்கு டூட்டிலின் குறுக்கே முடிந்தது. உயரம் 56 மீட்டர். பாசனத்துக்கோ மின்சாரத்துக்கோ கட்டியதல்ல. மணலைப் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. இங்கேதான் டம்ளர் உதவிக்கு வருகிறது. அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிதானமாகும்போது மணல் இறங்கிவிடுகிறது. நைஸானது மிதந்து தாண்டிப் போய்விடுகிறது. அது போவதில் பெரிய நட்டமில்லை, ஏனென்றால் கீழே படுகையை உயர்த்துவது முக்கியமாக மணல்தான்.

நிரம்பிய தடுப்பணை வீணா?

கட்டி ஒன்பது ஆண்டில், 1998இல், அந்த அணைக்குப் பின்னால் வண்டல் உபரிநீர் போகும் மட்டத்துக்கு வந்துவிட்டது. அதாவது நிரம்பிவிட்டது. இதைச் சொன்னதும் வகுப்பே “அய்யோ, வேஸ்ட்டா?” என்றது.

இதே வார்த்தையை நான் அடிவாரத்தில் கேட்டிருக்கிறேன். ஓடையின் குறுக்கே இடுப்பளவு கல்சுவர், பின்னால் சரளை விளிம்பு வரை நிரம்பிக் கிடந்தது. அங்கே காடு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் காலால் தட்டிக் காட்டினார்: “பாருங்க, தூர்ந்து போச்சுங்க. இனி இது இருந்து என்னங்க பிரயோஜனம்?” தண்ணீர் தேக்குவதற்கு என்று பார்த்தால் அவர் சொல்வது சரி. ஊற்று ஊற வேண்டும் என்று கட்டிய தடுப்பணை தூர்ந்தால் வாரத்தான் வேண்டும்.

ஆனால் நான் அங்கே குனிந்து பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. சுவருக்கு மேல்பக்கம் ஓடை செங்குத்தாக இல்லாமல் தட்டையாகிவிட்டிருந்தது. அகலமும் கூடியிருந்தது. தட்டையான, அகலமான இடத்தில் தண்ணீர் பரந்து மெதுவாகப் போகும், பருங்கல்லை இறக்கிவிடும். இருபுறமும் கரையின் அடிப்பாகம் சரளைக்குள் புதைந்து நின்றதால் ஓடை அதை அரிக்கவும் முடியவில்லை. நிரம்பிய பிறகும் அந்தச் சுவர் ஓடைக்கு ஒரு படிக்கட்டாக வேலை செய்துகொண்டிருந்தது. ஜப்பானிலும் இந்தோனேசியாவிலும் எரிமலை ஓடைகளில் இப்படிச் சுவர்களை வரிசையாகக் கட்டுகிறார்கள். சாபோ அணை என்பார்கள், மணல் தடுப்பு என்பதுதான் அந்த ஜப்பானியச் சொல்லின் பொருள்.

செயின்ட் ஹெலன்ஸ் அணையும் நிரம்பிய பின் முழுக்கப் பயனற்றுப் போகவில்லை. பிடிக்கும் பங்கு குறைந்தது, அவ்வளவுதான். அதனால் பிற்பாடு உபரிநீர் வழியை ஏறத்தாழ ஏழு அடி உயர்த்தினார்கள், மேலே மரக்கட்டைகளை நட்டு ஆற்றைப் பரந்து ஓடவைத்துப் பார்த்தார்கள். ஒரு கஷ்டமும் இருக்கிறது. கடலில் இருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீனுக்கு அந்த அணையைத் தாண்ட வழியில்லை. அணைக்குக் கீழே மீன்களைப் பிடித்து, லாரியில் ஏற்றி, மேலே கொண்டுபோய் விடுகிறார்கள்.

தூர் வாரினால் போதாதா?

நம் ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தவறே இல்லை. 2017இல் மேட்டூர் அணையில் தூர் வாரத் தொடங்கியபோது விவசாயிகள் வண்டல் அள்ளிப்போய் வயலில் போட்டார்கள். ஏரி வண்டல் எங்கள் பக்கம் தங்கம் மாதிரி.

எரிமலை ஆற்றில் என்ன சிக்கல் என்றால், நீங்கள் வாருவது கீழே, வருவது மேலே. சாம்பல் படிந்த சரிவுகள் சில ஆண்டுகளில் ஓரளவு அடங்கிவிடும். மேலே ஓடு போல இறுகியதை மழை அறுத்துவிடும், தண்ணீர் மறுபடி மண்ணுக்குள் இறங்கும், செடி முளைக்கும். ஆனால் பள்ளத்தாக்கை நிரப்பிக் கிடக்கும் குவியல் அடங்காது. ஆறு அதற்குள் இப்படியும் அப்படியும் நெளிந்து, இரண்டு பக்கமும் கரையை அறுத்து, ஒவ்வொரு மழைக்கும் புது மணலை எடுத்துக்கொண்டே இருக்கும். செயின்ட் ஹெலன்ஸ் குவியலில் பெரும்பகுதி நாற்பது ஆண்டு தாண்டியும் அங்கேயே கிடக்கிறது. கீழே மட்டும் தூர் வாருவது, மேலே குழாயைத் திறந்து வைத்துவிட்டு அடியில் தண்ணீர் இறைப்பது போலத்தான். அதனால்தான் மேலே பிடி, நடுவில் கரையை உயர்த்து, கீழே தேவையான இடத்தில் வாரு என்று மூன்றையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

இந்தோனேசியாவின் மெராபி எரிமலை ஓடைகளில் மணலை அள்ளிக் கட்டட வேலைக்கு விற்கிறார்கள். ஒரு யூனிட் மணல் என்ன விலை என்று நமக்குத் தெரியுமே. அணைக்குப் பின்னால் இடம் காலியாகிறது, பலருக்குப் பிழைப்பும் நடக்கிறது. ஆனால் கண்டபடி தோண்டினால் அணையின் அஸ்திவாரமே பறிபோய்விடும்.

பினாடுபோ: நம்மைப் போன்ற மழை நாடு

செயின்ட் ஹெலன்ஸ் குளிர்நாடு. பருவமழை நாட்டில் இது எப்படி இருக்கும் என்பதற்குப் பிலிப்பைன்ஸின் பினாடுபோவைப் பார்க்க வேண்டும். 1991 ஜூன் 15 அன்று பெரும் வெடிப்பு. அதே நாள் யூன்யா என்ற புயலும் வந்து சேர்ந்தது. நனைந்த சாம்பலின் கனத்தில் கூரைகள் இறங்கியே பலர் இறந்தார்கள். மலைச்சரிவுகளில் படிந்தது 5 முதல் 6 கன கிலோமீட்டர், அதாவது இரண்டு மேட்டூர்.

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்காலமும் லஹார்தான். வெடித்து நான்கு ஆண்டு கழிந்த பிறகு, 1995 அக்டோபர் முதல் நாள், ஒரு புயல் மழையில் பகோலோர் என்ற ஊர் புதைந்தது. அங்கே சான் கியேர்மோ என்ற பழைய தேவாலயம் உண்டு. ஏறத்தாழ ஆறு மீட்டர் புதைந்துவிட்டது. முன்பு ஜன்னலாக இருந்த திறப்புகளின் வழியாகத்தான் இப்போது உள்ளே நடந்து போகிறார்கள். பீடத்தைத் தோண்டியெடுத்துப் புதுத் தரைக்கு உயர்த்தி வைத்து அதே கோயிலில் வழிபடுகிறார்கள்.

பினாடுபோவில் பெரிய கரைகளை எழுப்பி, மணல் வந்து படியட்டும் என்று ஒரு பரப்பையே ஒதுக்கினார்கள். இது எல்லாவற்றிலும் கடினமான முடிவு என்பேன், ஏனென்றால் ஒதுக்கும் நிலமும் யாரோ ஒருவருடையது. ஆற்றோரம் தரையதிர்வை உணரும் கருவிகளைப் புதைத்தும் வைத்தார்கள். லஹார் வரும்போது நிலம் அதிரும், கருவி அதைக் கேட்டுக் கீழே சொல்லும். மேட்டுக்கு ஓட அரை மணி கிடைத்தாலே போதும்.

நம் ஓடைக்கு என்ன?

“அப்ப நம்ம ஆத்துலயும் இப்படி அணை கட்டணுமா சார்?” என்று கடைசியில் கேட்டாள். வேண்டியதில்லை. சேர்வராயன் மலையில் தளர்ந்து கிடக்கும் மேட்டூரளவு குவியல் எதுவும் இல்லை. பாறை கெட்டி, மேலே காடும் காப்பித் தோட்டமும் மண்ணைப் பிடித்து நிற்கின்றன. மலைப்பாதை ஓரம் வெட்டிய இடத்திலும், மரம் எடுத்த சரிவிலும்தான் மண் கிளம்புகிறது. வரத்து குறைவாக இருக்கும் வரைக்கும் இங்கே தூர் வாருவது பலன் தரும், வாரியது சில ஆண்டுக்காவது நிற்கும். வரத்து கூடினால் வாரியதெல்லாம் அடுத்த மழையிலேயே நிரம்பிவிடும். எவ்வளவு வருகிறது என்று எப்படித் தெரியும் என்றாள். மழைக்கு மறுநாள் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் போய் நின்று, அடியில் எத்தனை விரற்கடை படிகிறது என்று நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். கரையில் நின்று மொள்ள வேண்டும், ஓடைக்குள் இறங்கக் கூடாது.